ஆறுவெடிகளை வாசித்தல்: பழைய இராணுவ ரிவோல்வர்களும் அவற்றைச் சேகரிப்போரும்

நாம் 'துவக்கு' என்கிறோம். தமிழ்நாட்டார் 'துப்பாக்கி' என்கிறார்கள். சிங்களத்தில் 'துவக்குவ'. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: துருக்கி மொழியின் 'துஃபெக்'. பாரசீகம், இந்துஸ்தானி என்று வாய்க்கு வாய் மாறி நமது கரைக்கு வந்து சேர்ந்த சொல் அது. 'பீரங்கி' அப்படியல்ல. அது 'பறங்கி'க்கு உறவு. சுழல் துப்பாக்கிக்குத் துருக்கியர் வைத்த பெயர் இன்னும் ருசியானது. 'அல்த்திபத்லார்' என்பார்கள். 'அல்த்தி' என்றால் ஆறு, மற்றது வெடிப்பது. அப்படியே தமிழாக்கினால் 'ஆறுவெடி'. ஆங்கிலத்து 'ரிவோல்வர்' சுழல்வதைச் சொல்கிறது, துருக்கிச் சொல் விளைவைச் சொல்கிறது.

பிறமொழிச் சொற்கள் பற்றி உயர்தர வகுப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு மாணவன் கேட்டான்: "சேர், முத்திரை சேக்கிறாங்க, பழைய காசு சேக்கிறாங்க. துவக்கு சேக்கிற ஆக்களும் இரிக்கிறாங்களா?" யுத்தத்துக்குள்ளேயே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்த நாட்டில் அது சும்மா கேட்கிற கேள்வியல்ல. துவக்கு என்றால் நமக்கு வரும் ஞாபகங்கள் வேறு.

இருக்கிறார்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் நிறையவே இருக்கிறார்கள். அவர்களில் பலர் தம்மிடமுள்ள துவக்கை ஒரு தடவையும் சுட்டுப் பார்த்ததில்லை, சுடவும் மாட்டார்கள். அப்படியென்றால் அதை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறார்கள்? வாசிக்கிறார்கள். இது மிகைப்படுத்திச் சொன்னதல்ல. பழைய இராணுவ ரிவோல்வர் ஒன்றின் உடம்பில் தொடர் இலக்கம், தொழிற்சாலைப் பெயர், பரிசோதகரின் முதலெழுத்து, அரச முத்திரை, படைப்பிரிவின் குறி, படையிலிருந்து கழித்து விற்ற அடையாளம் என்று பல அடுக்குகளாக எழுத்து கிடக்கிறது. ஏட்டுச்சுவடி பதிப்பிக்கிறவர் செய்கிற வேலையைத்தான் நல்ல சேகரிப்பாளரும் செய்கிறார். மூலம் எது, பின்னால் வந்து சேர்ந்தது எது, எவர் கை எங்கே பட்டது என்று பிரித்துப் பார்ப்பதுதான் அந்தக் கலை. மீதியெல்லாம் காசும் பெருமையும்.

ஒரு கதையை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். நமக்குக் கொஞ்சம் கிட்டவுள்ள கதையும்கூட.

1855 இல் றொலின் வைற் என்ற அமெரிக்கர் ஒரு காப்புரிமை எடுத்தார். ரிவோல்வரின் உருளையில் ரவை இருக்கும் அறைகளை முன்னாலிருந்து பின்வரை ஊடறுத்துத் துளைப்பது, அவ்வளவுதான். இன்றைக்கு அதில் என்ன அதிசயம் என்று தோன்றும். ஆனால் அதற்கு முந்திய ரிவோல்வர்களில் ஒவ்வோர் அறைக்கும் மருந்தையும் குண்டையும் முன்பக்கத்தால் இடித்து நிரப்ப வேண்டும், பின்பக்கத்தில் தனித்தனியே வெடித்தொப்பி வைக்க வேண்டும். சண்டை நடுவில், அதுவும் குதிரைமேல் இருந்துகொண்டு, யாரால் முடியும்? அறை ஊடறுத்திருந்தால் உலோகக் கோதுடன்கூடிய முழு ரவையைப் பின்னாலிருந்து போட்டுவிடலாம். அந்த உரிமையை மசசூசெற்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்டில் இருந்த ஸ்மித் அன்ட் வெஸன் கம்பனி தன்வசம் வைத்துக்கொண்டது. 1869 இல் காலம் முடியும்வரை மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

1870 இல் அக்கம்பனி தனது 'மொடல் 3' ஐ வெளியிட்டது. .44 அளவு. பூட்டைத் தட்டிக் குழலைக் கீழே மடக்கினால், அந்த ஓர் அசைவிலேயே ஆறு வெற்றுக் கோதுகளும் வெளியே விழும். அமெரிக்க இராணுவம் வாங்கியது 1000 தான். அந்த ஆயிரத்தில் தப்பியிருப்பவற்றுக்கு இன்று நடக்கிற ஏலப்போட்டியை அன்று யாரும் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள்.

பெரிய வாடிக்கையாளர் வேறு திசையிலிருந்து வந்தார். சார் மன்னரின் ரஷ்யா 1871 இல் 20,000 ரிவோல்வர்களுக்குக் கட்டளை கொடுத்தது. ரஷ்ய இராணுவத்தின் பிரதிநிதியாக ஜெனரல் கொர்லோவ் அமெரிக்காவில் இருந்து மேற்பார்த்தார். ரவையின் வடிவத்தையே மாற்றச் சொன்னவர்கள் ரஷ்யர்கள்தான். பிடியின் மேல்முனையில் ஒரு திமில், விசைக் காப்பின் அடியில் விரல் வைக்க ஒரு கொக்கி என்றும் அவர்களது விருப்பப்படி வடிவம் மாறியது. குழலின் மேல் ரஷ்ய எழுத்தில் கம்பனியின் பெயர், கூடவே இரட்டைத்தலைக் கழுகு முத்திரை. 1871 கடைசியில் இளவரசர் அலெக்ஸி தொழிற்சாலையைப் பார்க்க நேரில் போனார். சித்திரவேலை செய்த ரிவோல்வர் ஒன்றை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். ரஷ்யாவுக்குப் போன மொத்தத் தொகை ஓர் இலட்சத்தைத் தாண்டியது. பிறகு ரஷ்யர்கள் அதே வடிவத்தைப் பெர்லினில் லூட்விக் லோவ கம்பனியிலும் தமது தூலா தொழிற்சாலையிலும் செய்வித்துக்கொண்டார்கள். கட்டளைகளும் நின்றன. வியாபாரத்தில் இதெல்லாம் நடக்கிறதுதான்.

ரஷ்யா வாங்கினால் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? உதுமானிய அரசும் அதே ஸ்பிரிங்பீல்ட் கதவைத் தட்டியது. ஆனால் அவர்கள் கேட்டது வேறு. 1870, 71 ஆண்டுகளில் உதுமானியர்கள் வின்செஸ்டர் கம்பனியின் 1866 ஆம் ஆண்டு மாதிரி நீள்துவக்குகள் 45,000 மும் குதிரைப்படைக்கான குறுந்துவக்குகள் 5000 மும் வாங்கியிருந்தார்கள். அவை சுடுவது '.44 ஹென்றி' எனும் ரவை. களஞ்சியத்தில் அந்த ரவை குவிந்து கிடக்கும்போது ரிவோல்வருக்கென்று இன்னொரு ரவையை ஏன் சுமக்க வேண்டும்? இரண்டுக்கும் ஒரே ரவை என்பது படை நடத்துகிறவனின் கணக்கு. நல்ல கணக்குத்தான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ரஷ்ய ரவை நடு அடி வகை. அதன் கோதின் அடியில், நட்டநடுவில் ஒரு சிறு வெடித்தொப்பி இருக்கும், ஊசி அங்கே அடிக்க வேண்டும். ஹென்றி ரவை விளிம்பு அடி வகை. தீப்பற்றும் மருந்து கோதின் விளிம்பு மடிப்புக்குள் இருக்கும், ஊசி ஓரத்தில் விழ வேண்டும். ஆகவே நடு அடிக்கென்று செய்த உடற்சட்டங்களை எடுத்து, ஊசி வருகிற இடத்தையும் சுத்தியலின் மூக்கையும் மாற்றி, துருக்கிக்கென்று சில ஆயிரம் ரிவோல்வர்களைச் செய்து கொடுத்தார்கள். சேகரிப்பவர் துருக்கி ரிவோல்வரைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான். வெளித்தோற்றத்தில் அது ரஷ்ய ரிவோல்வரின் இரட்டைப் பிள்ளை. ஊசி விழும் இடம் ஒன்றுதான் அது யாருடையது என்று சொல்லும்.

1877 ஏப்ரலில் யுத்தம் தொடங்கியது. ஒரே பட்டறையில், ஒரே தொழிலாளிகளின் கையால், ஒரே காலத்தில் உருவான ரிவோல்வர்கள் பல்கேரியாவில் எதிரெதிரே நின்றன. பிளெவ்னா கோட்டையை உஸ்மான் பாஷா ஜூலை முதல் டிசம்பர் வரை பிடித்துக்கொண்டிருந்தார். அவரது சிப்பாய்கள் தூரத்தில் பீபொடி-மார்ட்டினி துவக்காலும், எதிரி கிட்ட வந்ததும் வின்செஸ்டராலும் சுட்டு ரஷ்யர்களைத் திரும்பத் திரும்ப மடக்கினார்கள். கடைசியில் பட்டினிதான் வென்றது. டிசம்பர் 10 ஆம் திகதி பிளெவ்னா விழுந்தது. பல்கேரியாவிலிருந்து இலட்சக்கணக்கான முஸ்லிம்கள் மாட்டுவண்டிகளிலும் கால்நடையாகவும் இஸ்தான்பூல் பக்கம் போனார்கள். அந்தக் காட்சியை 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. துருக்கித் தொப்பிக்காக 1905 இல் நீதிமன்றத்தோடு மல்லுக்கட்டிய நமது முன்னோருக்கு உதுமானியர் தூரத்து ஆட்களாகத் தெரியவில்லை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ரஷ்ய ரிவோல்வர் நல்ல நிலையில் இன்றும் ஏலத்துக்கு வரும். துருக்கியருடையது அப்படிக் கிடைப்பது அருமை. நீலப்பூச்சு போய், பிடியின் மரம் தேய்ந்து, பூட்டு ஆடிக்கொண்டுதான் வரும். அதைத்தான் விபரம் தெரிந்தவர் விரும்பி எடுக்கிறார், ஏனென்றால் அந்தத் தேய்மானமும் ஒரு வாசகம். இடுப்புறையில் உரசி உரசிக் குழலின் நுனி வெளிறியிருப்பது வேறு, பட்டறையில் அரத்தால் தேய்த்து வெளிறச் செய்வது வேறு. பழகிய கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியாது.

உதுமானிய ஆயுதங்களை வாசிப்பதில் இன்னொரு பொறி இருக்கிறது. மேற்கத்தைய சேகரிப்பாளர் பலர் அதில் விழுவார்கள், நமது பிள்ளைகள் விழக்கூடாது. பீபொடி-மார்ட்டினி, மவுஸர் போன்ற துவக்குகளில் சுல்தானின் துக்ராவும் அறபு இலக்கங்களும் பொறித்திருக்கும். அந்த இலக்கம் ஆண்டைக் குறித்தால், எந்த ஆண்டு? உதுமானியர் ஹிஜ்ரி சந்திர ஆண்டையும் வைத்திருந்தார்கள், அரசாங்கக் கணக்குவழக்குக்கென்று 'ரூமி' எனும் சூரிய ஆண்டையும் வைத்திருந்தார்கள். இரண்டும் ஹிஜ்ரத்திலிருந்துதான் எண்ணப்படுகின்றன. ஆனால் சந்திர ஆண்டு குறுகியது, முந்திப் போய்விடும். ஓர் ஆயுதத்தில் 1319 என்று இருக்கிறது என்று வையுங்கள். ஹிஜ்ரி என்று எடுத்தால் 1901 இல் தொடங்கும் ஆண்டு, ரூமி என்று எடுத்தால் 1903 இல் தொடங்கும் ஆண்டு. இரண்டு வருட வித்தியாசத்தில் ஓர் ஒப்பந்தமே மாறிப்போகும். குர்ஆன் மத்ரசாவில் அறபு இலக்கம் படித்த ஒரு பிள்ளை, அந்த ஓரெழுத்தும் அறியாத பெரிய சேகரிப்பாளரைவிட இங்கே ஒருபடி மேலே நிற்கும். பயன்படுத்திக்கொண்டால்.

ரஷ்யா, துருக்கிக்குப் பிறகு ஜப்பானும் இதே மாதிரியை வாங்கியது. ஜப்பானியக் கடற்படையுடையதில் நங்கூர முத்திரை இருக்கும். அது தனிக்கதை.

இனி, சுவடியைக் கெடுப்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவடியில் இடைச்செருகல் உண்டு, துவக்கிலும் உண்டு. பிரித்தானியரின் வெப்லி ரிவோல்வரை எடுத்துக்கொள்ளுங்கள். 1887 இல் முதலாவது மாதிரி படைக்கு வந்தது. 1915 இல் வந்த ஆறாவது மாதிரிதான் முதலாம் உலக யுத்தத்தின் பதுங்குகுழிகளில் அதிகாரிகளின் இடுப்பில் இருந்தது. ஏறக்குறைய 3,00,000 செய்தார்கள். ஆகவே அது அருமையான பொருளல்ல. அப்படியிருந்தும் சில வெப்லிகளை அருமையானவை என்கிறார்கள். ஏன்? இரண்டாம் யுத்தத்துக்குப் பிறகு கழிவாய் விற்கப்பட்ட வெப்லிகள் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்குப் போயின. அங்கே .455 ரவை கிடைப்பது கஷ்டம், .45 தானியங்கிக் கைத்துப்பாக்கியின் ரவையோ பெட்டிக்கடையிலும் கிடைக்கும். எனவே வியாபாரிகள் உருளையின் பின்முகத்தைக் கடைந்து மெலிதாக்கி, அந்த ரவை பொருந்தும்படி செய்து விற்றார்கள். வாங்கியவனுக்கு வசதி. ஆனால் அந்த ரவையின் அழுத்தம் வெப்லி தாங்கவென்று சோதிக்கப்பட்ட அளவுக்கு மேல். அது ஆபத்து. போதாததற்கு, கடைந்த இடத்திலிருந்த குறிகளும் இலக்கங்களும் போயே போய்விட்டன. இன்று 'கடையாத உருளை' என்ற ஒரு வார்த்தைக்காகவே விலை ஏறுகிறது. லட்சக்கணக்கில் பிறந்த ஒன்று, மனிதர் கைவைத்துக் கெடுத்ததால், கெடாதது அருமையாகிவிட்டது.

ரஷ்யாவின் 1895 மாதிரி நாகாந்த் ரிவோல்வரின் கதை இதற்கு நேர்மாறு. பெல்ஜியத்து லியோன் நாகாந்தின் வடிவமைப்பு அது. ஏழு ரவை. சுத்தியலை இழுக்கும்போது உருளை முன்னால் நகர்ந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும், இடைவெளியால் புகை ஒழுகாது. கெட்டித்தனமான வேலை. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு சோவியத் களஞ்சியங்களில் இவற்றைக் குவியல் குவியலாகக் கழற்றி, பழுதுபார்த்து, ஒன்றின் உருளையை இன்னொன்றின் உடலில் பூட்டி, பழைய இலக்கத்தை வெட்டிவிட்டுப் புதிதாக அடித்துச் சேர்த்தார்கள். எல்லாப் பாகத்திலும் ஒரே இலக்கம் இருப்பதைப் பார்த்துப் புதியவர் மகிழ்ந்துபோவார். கோடு போட்டு வெட்டிய பழைய இலக்கம் பக்கத்தில் கிடப்பதைப் பார்க்க மாட்டார். இதைக் கள்ள வேலை என்று நான் சொல்லமாட்டேன். களஞ்சியத்துக்கு வேண்டியது சுடக்கூடிய துவக்கு, வரலாறல்ல. ஆனால் அதை 'மூல இலக்கம் பொருந்தியது' என்று சொல்லி விற்பது கள்ள வேலைதான்.

மூன்றாவது வகை சுத்தமான மோசடி. வெப்லி ஆறாவது மாதிரிக்கு 'பிரிச்சர்ட்' துவக்குமுனைக் கத்தி என்று ஒன்று இருந்தது. பழைய பிரெஞ்சுக் கத்தியின் அலகை வெட்டி ரிவோல்வரின் முன்னால் பொருத்துவது. படை அதை ஏற்றுக்கொள்ளவில்லை, அதிகாரிகள் தம் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டார்கள், மிகக் கொஞ்சமே செய்யப்பட்டது. இன்று சந்தையில் கிடப்பவற்றில் பெரும்பாலானவை பின்னால் வந்த நகல்கள். 1847 இல் சாமுவேல் கோல்ட் செய்த 'வோக்கர்' ரிவோல்வரும் அப்படித்தான். இரண்டு கிலோ எடை. படைக்கு 1000, வெளியாருக்கு 100, அவ்வளவே. ஏ முதல் ஈ வரை ஐந்து கொம்பனிகளின் எழுத்து அடித்துக் கொடுத்தார்கள். மருந்து கூடிப்போய் உருளை வெடித்தவை பல, ஆகவே மிஞ்சியவை சொற்பம். 2018 இல் பெட்டியோடு கிடைத்த வெளியார் வோக்கர் ஒன்று அமெரிக்க ஏலத்தில் 18 இலட்சம் டொலரைத் தாண்டியது. இந்தத் தொகைக்கு முன்னால் 'ஏ கொம்பனி' என்று நாலெழுத்தைப் புதிதாகப் பொறிக்க ஒரு கள்ளனுக்கு எவ்வளவு நேரம் போகும்?

அதனால்தான் நல்ல சேகரிப்பாளர் துவக்கை வாங்குமுன் கடிதம் கேட்கிறார். ஸ்மித் அன்ட் வெஸன் வரலாற்று அறக்கட்டளைக்குத் தொடர் இலக்கத்தை எழுதி அனுப்பினால், அந்த ரிவோல்வர் எந்தத் திகதியில் தொழிற்சாலையை விட்டுப் போனது, யாருக்குப் போனது என்று பழைய பேரேட்டைப் பார்த்துப் பதில் தருவார்கள். கோல்ட் கம்பனியிலும் இந்த வழக்கம் உண்டு. நூற்றைம்பது வருடத்துக் கப்பல் பட்டியலைக் கிழித்தெறியாமல் வைத்திருக்கிறார்களே என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நமது ஊர்களில் ஐம்பது வருடத்துப் பள்ளிவாசல் கணக்குக் கொப்பியைத் தேடினால் கறையான்தான் வரும்.

சேகரிப்பாளர்களிடையே ஒரு சட்டம் இருக்கிறது: மினுக்காதே. துருப்பிடிப்பதை நிறுத்து, எண்ணெய் பூசு, அதற்குமேல் கைவைக்காதே. புதிதாக நீலப்பூச்சுக் கொடுத்த ரிவோல்வர் பார்க்க அழகாய் இருக்கும். ஆனால் பூசுமுன் தேய்ப்பார்கள், தேய்க்கும்போது ஆழமில்லாத முத்திரைகள் மறையும், ஓரங்கள் மழுங்கும். விலை பாதியாய் விழும் என்று அவர்கள் சொல்வார்கள். நான் விலையைப் பார்க்கவில்லை. அதில் வாசிக்க ஒன்றுமில்லாமல் போகிறதே, அதைச் சொல்கிறேன். வெப்லியின் பிடிப்பட்டையில் மங்கலாய் நிற்கிற படைப்பிரிவுக் குறி சிலவேளை, அதை இடுப்பில் கட்டியவன் எந்தப் படையோடு போனான் என்பதற்கு அந்தத் துவக்கு தரும் ஒரே சாட்சி. அவன் யாரைச் சுட்டான் என்பது அதில் இல்லை. சுடப்பட்டவனின் பெயர் எந்தத் துவக்கிலும் எழுதப்படுவதில்லை. இந்தக் கலையின் பெரிய குறை அதுதான் என்று நினைக்கிறேன். கொடுத்தவன், வாங்கியவன், சுமந்தவன் எல்லோரும் பதிவில் இருக்கிறார்கள், நாலாமவன் இல்லை.

நமது வீடுகளிலும் மினுக்குகிற பழக்கம் மோசம். மலாய் வீடுகளில் பரம்பரையாய் வந்த கிரிஸ், மூத்தம்மாவின் பித்தளைப் படிக்கம், அறபுத்தமிழ்க் கித்தாபின் தோல் அட்டை எல்லாவற்றுக்கும் பெருநாள் வந்தால் ஒரே வைத்தியம்தான். பிராசோ போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைப்பது, அல்லது புதிய அட்டை கட்டுவது. பழைய அட்டையின் உட்பக்கத்தில் யாரோ எழுதிவைத்த பிறந்த திகதி குப்பைக்குப் போகும்.

சட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நமது நாட்டில் இதைப் பொழுதுபோக்காக யாரும் நினைக்க வேண்டாம். பழசென்றாலும் துவக்கு துவக்குத்தான், அனுமதி வேண்டும். அமெரிக்காவில் 1898 இலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்டவை மத்திய சட்டப்படி பழம்பொருள் என்ற வகைக்குள் வரும். பிரித்தானியாவில் 1996 இல் டன்பிளேன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கொல்லப்பட்ட பிறகு, 1997 இல் கைத்துப்பாக்கிகளை ஏறக்குறைய முழுதாகவே தடுத்துவிட்டார்கள். வரலாற்று முக்கியத்துவமுள்ளவற்றுக்குச் சில கடுமையான விலக்குகள் இருக்கின்றன. அதைவிட, இப்போது எவரும் செய்யாத ரவைகளின் பட்டியல் ஒன்று உண்டு. அப்படியான ரவைக்கென்று செய்த பழைய துவக்கை, அலங்காரமாகவோ சேகரிப்பாகவோ, அனுமதிப்பத்திரமில்லாமலே வைத்திருக்கலாம்.

அந்தப் பட்டியலில் .44 ரஷ்ய ரவையும் நீண்டகாலம் இருந்தது. குற்றவாளிகள் பழைய ரிவோல்வர்களை வாங்கி, அவற்றுக்கு வீட்டிலேயே ரவை செய்து சுடத் தொடங்கியதால், 2021 மார்ச்சில் ஏழு வகை ரவைகளைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். ரஷ்ய ரவை அந்த ஏழில் ஒன்று. துருக்கிக்காரன் கேட்டு வாங்கிய ஹென்றி ரவையோ விளிம்பு அடி வகை. அதன் விளிம்புக்குள் மருந்து வைத்து வீட்டில் ரவை செய்வது இலேசான காரியமல்ல. அது எடுபடவில்லை. ஆகவே பிளெவ்னாவில் எதிரெதிரே நின்ற அந்த இரட்டையரில், ரஷ்யனுடையதை வைத்திருக்க இங்கிலாந்தில் இன்று அரசின் அனுமதி வேண்டும். துருக்கியனுடையதைக் கண்ணாடி அலுமாரியில் சும்மா வைக்கலாம்.